மன்னிக்கு வந்த புது ஆக்சில்

என் மன்னி ராஜலக்ஷ்மிக்கு வண்டிப் பைத்தியம் பிடித்தது வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகுதான். அதுவரை கேஷ் கவுண்டரின் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்தே வயதைக் கழித்தவள். வெளியே வந்ததும் வேறு யாராவதாக இருந்தால் காசி, பத்ரி என்று கிளம்பியிருப்பார்கள். மன்னியோ நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு பழைய போர் வீல் பிக்கப் வண்டியை வாங்கி, உயரம் போதவில்லை என்று அதை இன்னும் தூக்கிக் கட்டிக்கொண்டாள். மல்லேஸ்வரத்தில் எங்கள் குறுக்குத் தெருவில் அது நின்றால், கோவிலுக்குப் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள்.

அண்ணா சுந்தரராமன் அரசாங்கத் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஆட்சேபம் எழுதியே பழகிய கை. வண்டிக்கு அவர் வைத்த பெயர் பூதம். அதில் ஏற அவருக்கு ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டும். ஏறி உட்கார்ந்தபின், ஸ்டூலில் கட்டிய கயிற்றைப் பிடித்து அதையும் மேலே இழுத்துக்கொள்வார். தெருவே வேடிக்கை பார்க்கும், மன்னி மட்டும் சிரிக்காமல் காத்திருப்பாள். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு விருது கொடுக்கலாம்.

வண்டியைத் தூக்கியதில் ஒரு வினையும் வந்தது. இன்ஜினின் வலுவை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில்கள் நேராக இல்லாமல் சரிந்து சுழன்றன. ஆனேக்கல்லுக்கு அப்பால் எங்கள் வண்டி கிளப்காரர்கள் வருடாவருடம் ஏறும் சேற்று மேட்டில், பாதி வழியில், அதில் ஒன்று படாரென்று உடைந்தது. டிராக்டர் வந்து இழுத்தது. கிளப் தலைவர் ராம்கி, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன், அடுத்த வருடம் ஆண்ட்டி சாப்பாட்டு வண்டியாக வந்தால் போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அவனை அந்தச் சேற்றிலேயே புரட்டி எடுக்க வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணா, பூதத்தை விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தார். மன்னி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அடுத்த வருஷம் ஏறலேன்னா நானே வித்துடறேன். ஏறிட்டேன்னா நீங்க இந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

அண்ணா உடனே ஒப்புக்கொண்டார். எதிராளியின் பலவீனம் தெரிய வேண்டுமென்று வண்டியின் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தும் முடித்தார்.

2003 தசராவுக்கு மெல்போர்னிலிருந்து அவர்கள் பிள்ளை தேஜஸ் வந்தான். பெட்டியில் சாக்லேட்டும் இல்லை, சென்ட்டும் இல்லை. அம்மா கேட்டிருந்தபடி தடித்த ஆக்சில் இரண்டு, பழைய துண்டில் சுற்றிக் குழந்தைகள் மாதிரி படுத்திருந்தன. எடைக்கு இடமில்லாமல் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்திருந்தான். மன்னி முதலில் தூக்கிக் கொஞ்சியது ஆக்சிலைத்தான். ஈஜிபுராவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பெர்னார்ட் அவற்றைப் பூட்டிக் கொடுத்தார்.

"மேடம், இது ஒடையாது. ஒடஞ்சா அந்த ராடை நானே கழுத்துல மாட்டிக்கினு வரேன்."

அடுத்து ஆயுத பூஜை. பூதமே ஆனாலும் பூஜையில் குறை வைப்பவர் இல்லை எங்கள் அண்ணா. சாமந்தி மாலை, வாழைக்கன்று, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. சந்தனத்தைக் குழைத்து நாலு சக்கரத்தின் நடுவிலும் தோசை மாதிரி அப்பி, மேலே குங்குமம் வைத்தார். நடுவில் பொட்டு அவ்வளவு அழகாக உட்கார்ந்தால் யார்தான் துடைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல். நல்ல மழை பெய்து மேடு வழுவழுவென்று கிடந்தது. அந்த வண்டியில் முன்சக்கரங்கள் இழுக்க வேண்டுமானால், கீழே இறங்கி இரண்டு சக்கரத்தின் நடுவிலும் ஒரு திருகைத் திருப்பிப் பூட்ட வேண்டும். மன்னி இறங்கினாள், திருப்பினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினாள். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

கொஞ்ச தூரம்தான். பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன, முன்சக்கரங்கள் சும்மா நின்றன. மறுபடியும் ஆக்சில் போச்சு என்று யாரோ சொன்னார்கள். ராம்கி டிராக்டரைக் கூப்பிடக் கையைத் தூக்கினான். மன்னி இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை. வண்டி போயிற்று, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பக்கத்தில் அண்ணா இடது முன்சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த சந்தனம் அங்கே பாறையாக இறுகியிருந்தது. அதற்குள் மாட்டிக்கொண்ட திருகு பாதியில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் பூட்டாவிட்டால் இரண்டு முன்சக்கரமும் இழுக்காது. பூட்டிவிட்டதாக மன்னி நினைத்திருக்கிறாள், பூட்டியதா இல்லையா என்று காட்டும் எழுத்தும் சந்தனத்துக்கடியில் மறைந்திருந்தது. கையேடு படித்த மனுஷருக்கு எல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. அவர் வாயைத் திறக்காமல் நின்றிருந்தாலே போதும், பூதம் விலகியிருக்கும்.

"ஸ்ரீகண்டா, இதைப் பிடி" என்று ஸ்டூலை என்னிடம் கொடுத்தார்.

சலவை வேஷ்டியோடு சேற்றில் இறங்கினார். ஒரு தடவை சறுக்கி உட்கார்ந்து, எழுந்து, போய்ச் சேர்ந்தார். வேஷ்டி நுனியால் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகைக் கடைசிவரை திருப்பினார். பிறகு கதவைப் பிடித்துத் தொங்கி, டயரில் கால் வைத்து, எப்படியோ உள்ளே ஏறிவிட்டார். ஸ்டூல் இல்லாமல்!

மன்னி அவரைப் பார்த்தாள். "ஏன்னா, விக்கணும்னுதானே சொல்லிண்டிருந்தேள்?"

"என் சந்தனத்தால நீ தோக்கப்படாது. ஓட்டு."

ஓட்டினாள். நாலு சக்கரமும் சேற்றைக் கவ்விப் பிடித்தன. ஆடி, சரிந்து, நிமிர்ந்து, பூதம் மேட்டின் உச்சியில் போய் நின்றது. நான் ஸ்டூலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு குதித்தேன், ராம்கியும் குதித்தான். அப்புறம்தான் அண்ணா இறங்க வேண்டுமே என்று ஞாபகம் வந்தது. ஸ்டூலோடு சறுக்கிச் சறுக்கி மேலே போய்ச் சேர்ந்தேன்.

அண்ணா ஜன்னல் வழியாக ஸ்டூலைப் பார்த்தார். இப்போது வேண்டாம், கீழேயே வைத்திரு என்று கையைக் காட்டிவிட்டு மன்னி பக்கம் திரும்பிக்கொண்டார்.