கோகோ வரிசைக்கு வெளியே

ஒன்பதாம் வகுப்பின் கடைசியில், சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த மருத்துவர் என் நெஞ்சில் குழாயை வைத்து, மற்றவர்களைவிட அதிக நேரம் கேட்டார். இதயத்தில் கூடுதலாக ஓர் ஒலி இருப்பதாகவும், ஜூனில் தாம் மீண்டும் பார்க்கும்வரை நான் ஓடக் கூடாதென்றும் உடல்நல அட்டையில் எழுதினார். அப்போது நான் பள்ளிக் கோகோ அணியில் இருந்தேன். அதிகம் பேசாத எனக்கு, முதுகில் ஒரு கை பட்டதும் எழுந்து பாயும் அந்த விளையாட்டு மட்டுமே முழுமையாகப் பொருந்தியிருந்தது.

ஜூனில் பள்ளி திறந்தபோது கார்கிலில் போர் நடந்துகொண்டிருந்தது. மருத்துவரை வடக்கே அனுப்பிவிட்டார்கள். நாட்டுக்காக உடலை உறுதியாக்க வேண்டுமென்று தலைமையாசிரியை சொன்னதால், வாரம் இரண்டு முறை நடந்த உடற்பயிற்சி தினமும் நடந்தது. ஓடிவந்தவர்களின் நாடியை எண்ணிச் சொல்லும் வேலையை உடற்கல்வி ஆசிரியை எனக்குத் தந்தார். வேர்த்த மணிக்கட்டுகள் ஒவ்வொன்றாக என் விரல்களுக்கடியில் துடித்தன. இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே, ஒருவரும் பாராதபோது, என்னுடையதையும் தொட்டுப் பார்ப்பேன். அது நிதானமாக இருக்கும்.

கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குத் தானே என்னை அழைத்துப்போவதாகச் சொல்ல, ஆசிரியை ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பி கொடுத்துவிட்டுத் தணிந்த குரலில் மறுத்தாள்.

“வேண்டாமுங்க டீச்சர். அங்க நம்ம சனம் நாலு பேராச்சும் இருப்பாங்க. நெஞ்சுல கோளாறுன்னு ஊருக்குள்ள பரவிப்போட்டா, நாளைக்கு ஆருங்க பொண்ணு கேட்டு வருவாங்க? அந்த டாக்டருன்னா இந்திக்காரரு. அவரு ஆருகிட்டப் போயிச் சொல்லப் போறாருங்க?”

ஆகவே அவருக்காகக் காத்திருந்தோம். காலை வழிபாட்டில் போர் வீரர்களுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் கண்மூடி நிற்கையில், நான் அவர் ஒருவருக்காக மட்டுமே வேண்டிக்கொண்டேன். அதுவும் அவர் உயிருக்காக அல்ல, அவர் கையெழுத்துக்காக. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

ஜூலையில் போர் முடிந்தது. அவர் திரும்பவில்லை. மாவட்டப் போட்டிக்கு எங்கள் அணி பல்லடம் போய் வந்தது. பொங்கல் விடுமுறை முடிந்த பிறகுதான் தளத்திலிருந்து வேறொரு மருத்துவர் வந்தார். இரண்டு முறை கேட்டுவிட்டு, சிறுவயதில் சிலருக்கு அப்படியோர் ஒலி இருப்பதுண்டு என்று சொல்லி, ஓடலாம் என எழுதினார்.

அதற்குள் பத்தாம் வகுப்பின் விளையாட்டு நேரங்களைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டிருந்தார். உடற்கல்வி ஆசிரியை என் அட்டையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“சார், இந்தப் புள்ளய மட்டும் ஒரு அரைமணி நேரம் அனுப்புங்க. ஒரு வருசமாக் காத்துட்டிருக்குதுங்க.”

“அனுப்பலாமுங்க டீச்சர். பப்ளிக் பரிச்சையில கோகோவுக்கு எத்தன மார்க்குன்னு மட்டும் சொல்லிப்போடுங்க.”

வகுப்பே சிரித்தது. ஆசிரியை அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றிருந்தால் அவர் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

“செரிங்க சார்” என்று அட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டு அவர் போனார்.