அம்னாவுக்கு வந்த படங்கள்

ஹட்டனில் ஆணியும் பெயின்டும் கூரைத் தகரமும் விற்கிற பைஸர் வாட்டசாட்டமான ஆள். கடைக்கு வருகிறவர்கள் அவரிடம் விலை பேசவே கொஞ்சம் தயங்குவார்கள். அந்த மனுஷன் சிறுவர் கதைப் பைத்தியம் என்பது அவருடைய மனைவி ஜிப்ரியாவுக்குக்கூடத் தெரியாது. கண்டிக்குச் சரக்கெடுக்கப் போனால் பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்து ஒன்றிரண்டை வாங்கி வருவார். பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, கடையில் ஆளில்லாத நேரம் எடுத்து வாசிப்பார். பிள்ளையில்லாத வீட்டில் சிறுவர் புத்தகம் கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கூச்சம். ஜிப்ரியாவுக்கு இரண்டு தரம் வயிற்றில் தங்கி, இரண்டு தரமும் நிலைக்காமல் போயிருந்தது.

அவருக்கு மிகவும் பிடித்த கதை 'பயணச் சீட்டில்லாத ஆட்டுக்குட்டி'. தாயைத் தேடி ரயிலேறிய ஒரு குட்டி, மலைநாட்டு ஸ்டேஷன்களில் எல்லாம் இறங்கி இறங்கிப் பார்க்கிற பழைய கதை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அது மனப்பாடம். ஊர் வாசகர் வட்டத்தார் சிறுவர் இலக்கிய மாதம் நடத்தினார்கள். ஆட்டுக்குட்டி போன வழியில் றொசல்லயிலிருந்து நடந்து போய், கதை நடந்த இடங்களில் நின்று கதையை வாசிப்பதாக அறிவித்திருந்தார்கள். பைஸருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலவாக்கலைக்கு ஓடர் எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, எதிர்த்திசையில் போகிற ரயிலில் ஏறினார்.

றொசல்ல ஸ்டேஷனில் எல்லாரும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தனியாக நின்றது அவர் ஒருவர்தான். நிகழ்ச்சியை நடத்திய சுதர்ஷினி டீச்சர் சிரித்துக்கொண்டே வந்து, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில் கூப்பிட்டார்.

"வாங்க நானா. புள்ள எங்க?"

"மகளுக்குக் காய்ச்சல், டீச்சர்" என்றார் பைஸர். வாய் தானாகவே சொல்லிவிட்டது. "அம்னா. வர ஆசப்பட்டா. நானாச்சும் பாத்திட்டுப் போய் அவளுக்குக் கதயச் செல்லலாமெண்டு..."

அம்னா என்பது ஜிப்ரியா வைத்த பெயர். இரண்டாவது தரம், வயிறு ஐந்து மாதமாய் இருக்கையில், பெண்ணாகத்தான் இருக்கும் என்று அவளே தேர்ந்தெடுத்தது.

பொய் சொன்ன பிறகு நெஞ்சு உறுத்தியது. ஆனால் நடக்கத் தொடங்கியதும் அதுவும் மறந்துபோனது. தேயிலைக்கு நடுவே பாதை, குட்டி தண்ணீர் குடித்த ஓடை, மழைக்கு ஒதுங்கிப் படுத்த மதகு. பிள்ளைகள் மதகுக்குள் நுழைந்து கத்திப் பார்த்தபோது அவரும் முழங்காலிட்டுத் தலையை உள்ளே நீட்டினார். டீச்சர் வாசிக்க வாசிக்க அவருடைய உதடும் சேர்ந்து அசைந்தது. பிரேமினி என்கிற சிறுமி அவர் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"அம்னாவுக்கு எந்த எடம் புடிக்கும் மாமா?"

"ஸ்டேஷன் மாஸ்டர்ட தொப்பியக் குட்டி திங்கிற எடம்" என்றார். அவருக்குப் பிடித்த இடம் அதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பைஸர் கடைக்குத் திரும்பியபோது, காசு மேசையில் இருந்த ஜிப்ரியாவிடம், கடையை விசாரித்து வந்த சுதர்ஷினி டீச்சர் ஒரு பெரிய உறையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இது அம்னாவுக்குங்க. நடக்க வந்த புள்ளைங்க எல்லாம் படம் வரைஞ்சு குடுத்திருக்காங்க. காய்ச்சல் விட்டிருச்சா?"

டீச்சரின் தோளுக்கு மேலாக ஜிப்ரியா கணவனைப் பார்த்தாள்.

"இப்ப சொகம், டீச்சர்" என்றாள் ஜிப்ரியா.

டீச்சர் போனதும் அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். போடவில்லை. ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"வயித்துல ஈந்த புள்ள போன பொறகு ஒருநாளும் நீங்க அந்தப் பேரு எனக்கிட்ட செல்லல்ல. நான் அழுவேன் எண்டு பயமாக்கும், எண்டு நெனச்சேன். வேற மனுசருக்குச் செல்ல ஒங்களுக்கு ஏலுமாகிச்சி."

பைஸருக்கு முகமெல்லாம் எரிந்தது. பெயின்ட் வாளிகளை நகர்த்தி, புத்தகங்களை எடுத்து அவள் முன்னால் வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் புத்தகங்களைத் தொடவில்லை.

"அந்தப் புள்ளைகள்ட்ட போய் உண்மையச் செல்லுங்க" என்றாள்.

மறுநாள் லிந்துலையில் வாசிப்பு நிகழ்ச்சி. பைஸர் முதலில் டீச்சரிடம் சொன்னார். டீச்சரின் முகம் சுருங்கிப்போனது.

"அவளுக்குச் சொகமாகணும்னு புள்ளைங்க கோயில்ல கும்புட்டாங்க நானா. நீங்களே அவங்ககிட்டச் சொல்லுங்க."

தன் இடுப்பு உயரத்துக்குக்கூட வராத பிள்ளைகள் முன்னால் அவர் நின்றார்.

"அம்னா எண்டு எனக்கு மகள் இல்ல. எனக்குப் புள்ளையே இல்ல. கத கேக்க வந்தது நான்தான். அதச் செல்ல வெக்கப்பட்டு பொய் சென்னேன். மன்னிச்சிருங்க."

பின்னால் நின்ற ஒரு தகப்பன் சிரித்தார். முன் வரிசையில் ஒரு தாய் தன் மகனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைவிட அதுதான் பைஸரைக் குத்தியது. அந்தத் தாயைக் குறை சொல்லவும் முடியவில்லை. பிரேமினி எழுந்து நின்றாள்.

"அப்ப எம் படத்தத் திருப்பிக் குடுத்துருங்க."

"வீட்டுல ஈக்கி மகள். கொண்டு வந்து தாறேன்."

வீட்டில் அந்தப் படம் அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. போர்வை போர்த்திப் படுத்திருக்கிற ஆட்டுக்குட்டி, பக்கத்தில் ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர். ஜிப்ரியாதான் ஒட்டியிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், மூலை கிழியாமல் நகத்தால் மெல்ல உரித்தாள்.

"நானும் வாறேன்" என்றாள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு இருவரும் பஸ்ஸில் போனார்கள். பிரேமினி படத்தை வாங்கி, கசங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

"கத புடிக்கும்னு சொன்னதும் பொய்யா?"

"இல்ல மகள். அது நெசம்."

அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. தன் இடத்துக்கு ஓடிவிட்டாள். அவரை யாரும் முன்னால் வந்து உட்காரச் சொல்லவில்லை. புருஷனும் பெண்சாதியும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். காது சூடாகி, தலையைத் தூக்காமல் பைஸர் கதை கேட்டார். பாதியில் பிள்ளைகளின் இரைச்சலில் ஓரிடம் கேட்காமல் போனது. ஜிப்ரியா அவர் முழங்கையை இடித்தாள்.

"என்ன சென்னாங்க? வெளங்கல்ல."

அவர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அந்த இடத்தைச் சொன்னார்.