இருபத்துநான்காவது ஈட்டிவீரன்

நாற்பது வயதில் பொம்மைப் படை வைத்து விளையாடுகிற முட்டாள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் போர்க்களம். சுண்டுவிரல் நகமளவு உலோக வீரர்களுக்கு பாளையக்காரர் காலத்து உடுப்பை வர்ணத்தில் தீட்டி, அட்டையில் ஒட்டி, நண்பனோடு பகடை உருட்டிப் போரிடுவேன்.

அன்று ஈட்டிப்படையை எண்ணினேன். இருபத்துநான்கில் ஒருவன் குறைந்தான். கீழே உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகள் எதையோ விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பொம்மைய முழுங்கிட்டியா பாப்பா?"

தலையாட்டினாள்.

அந்த ஈட்டிகளை ஊசிபோலத் தேய்த்தவன் நான்தான். கம்பீரமாக இருக்கட்டுமாம்! பிள்ளையை அள்ளிக்கொண்டு, மனைவி எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பறந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் ஈட்டி குடலைக் குத்துவதாகவே தோன்றியது.

"மெதுவா போங்கண்ணே! ஐயோ, சீக்கிரம் போங்கண்ணே!"

"ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க அண்ணாச்சி!" என்றார் ஆட்டோக்காரர்.

மனைவி மகளைத் தானே படுக்கவைத்துப் படம் எடுத்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

தொண்டையிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை.

அழுதபடி பிள்ளையை வாரி எடுத்தேன். மனைவி என் முழங்கையையே பார்த்தாள். சட்டைக் கையில், காய்ந்த பசையோடு, ஈட்டியை நீட்டியபடி ஒட்டியிருந்தான் காணாமல்போனவன். வழியெல்லாம் பிள்ளையின் தலையை அணைத்திருந்தது அந்தக் கைதான். கண்ணுக்கும் ஈட்டிக்கும் இடையே ஒரு விரல்கடை இருந்திருக்குமா?

"இந்தா இருக்கான் பயல்!" என்று சிரிக்கப் பார்த்தேன்.

"பிள்ளைய எங்கிட்ட குடுங்க."