பின்னால் பார்க்கிற டப்பா

போன வியாழக்கிழமை ஒரு டிரெய்லர் லாரியின் கேபினில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. என் அக்கா மகள் மாரீஸ்வரி ஒரு டப்பா செய்திருக்கிறாள். அதை வேடிக்கை பார்க்கப் போனேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். முன்னால் போக ஹெட்லைட், ஹாரன், கண்ணாடி, எலெக்ட்ரானிக்ஸ் என்று என்னென்னவோ இருக்கிறது. பின்னால் வர? ஒரு ஆள் நின்றுகொண்டு, "வரட்டும்... வரட்டும்... ஹோல்டான்!" அவ்வளவுதான். டிரெய்லர் ரிவர்ஸ் வருவது என்றால், ஒரு தெருவே எழுந்து பின்னால் நடந்து வருகிற மாதிரி. ஹோல்டான் சொல்கிற ஆள் தும்மினால் போச்சு.

மாரியின் டப்பா இரண்டு. ஒன்று டிரெய்லரின் வாலில், ஒன்று டிரைவர் முன்னால். பின்னால் ஏதாவது நின்றால் முன்னால் உள்ளது கத்தும். நடுவே வயர் கிடையாது. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு டிரெய்லரைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார்களே... ஒவ்வொரு தடவையும் பிடுங்கிச் சொருகினால் எந்த வயர் தாங்கும்?

லாரிக்குச் சொந்தக்காரர், தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிற அண்ணாச்சி, ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். "இன்னிக்கு சரியா வேலை செஞ்சா என் எல்லா வண்டிக்கும் மாட்டுதேன். இல்லன்னா விட்ரு தாயி." விட்டால்? பெங்களூரில் ஒரு கம்பெனி வேலை காத்திருக்கிறது. இவளுக்கோ கோவில்பட்டியிலேயே சொந்தமாக ஒரு பட்டறை போட ஆசை.

அண்ணாச்சியின் கோடவுன் சுவரை நோக்கி டிரைவர் சண்முகையா ரிவர்ஸ் கியர் போட்டார். டப்பா வீல் என்று கத்தியது. பின்னால் யாருமே இல்லை!

"என்ன தங்கச்சி, காத்தைப் பாத்தும் கத்துமோ?" என்றார் சண்முகையா. கீழே நின்ற லோடுமேன்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. மாரி மட்டும் இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

வாலில், டப்பாவுக்கு நேர் முன்னால், எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது!

"நாந்தாம்மா கட்டினேன்," என்றார் அண்ணாச்சி. "புதுசா ஒண்ணு மாட்டுதோம், ஊர்க்கண்ணு படும்லா?"

"அதைக் கொஞ்சம் கழட்டிக்கிடலாமா அண்ணாச்சி?"

"உன் டப்பாவைக் கழட்டு. கயித்துல கை வைக்காத."

இவள் ஏதாவது பேசிவிடுவாளோ என்று பயந்தேன். இவளோ ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, கரிசல் புழுதியில் மல்லாந்து படுத்து, டப்பாவைக் கயிறு எட்டாத இடத்தில், கீழே தள்ளி மாட்டினாள். சுடிதாரில் பாதி கறுப்பாகிவிட்டது. எழுந்து வந்து கேபினில் ஏறி, "இப்பப் போடுங்கண்ணே" என்றாள்.

ரிவர்ஸ். சத்தமில்லை. வண்டி மெல்ல நகர்ந்தது. கோடவுன் சுவர் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. அதற்குள் டப்பா மறுபடி கத்த ஆரம்பித்தது.

"ஏலே, இப்ப மிளகாயைப் பாத்துட்டு போல!" என்று கீழே ஒருவன் சொல்ல, ஒரே சிரிப்பு. சண்முகையாவும் சிரித்தபடியே கண்ணாடியைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது.

"மிதிங்கண்ணே! பிரேக்கை மிதிங்க!"

அந்தக் குரல்... அதை அவள் அம்மாவிடம்கூட நான் கேட்டதில்லை. சண்முகையா மிதித்துவிட்டார்.

இறங்கி ஓடினோம். டிரெய்லரின் வாலுக்கும் சுவருக்கும் நடுவே, வேட்டியை மடித்துக் கட்டியபடி, அண்ணாச்சி! கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போயிருக்கிறார். இரும்பு அவர் சட்டைப் பொத்தானைத் தொடாத குறை. சுவரோடு ஒட்டிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்தார்.

"ஏட்டி மாரி... எல்லா வண்டிக்கும் மாட்டிரு. மொதல்ல இந்த வண்டிக்கு மாட்டு."

"இதுல மாட்டித்தான் இருக்கு அண்ணாச்சி," என்றாள் இவள். "அதான் நீங்க நிக்குதீங்க."

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்... என் அக்கா மகளாக்கும்!