பஸ்ஸில் ஏறாத சாமான்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. கோயம்புத்தூர் மாவட்டம் அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவர் ஊரிலேயே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அந்த வேலையில் மாறுதல் என்பதே கிடையாது. "ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ரெண்டு. அதுக்குள்ள உனக்கு மாத்தல் வாங்கிரலாம்" என்றார். நானும் நம்பினேன். வேலை வேண்டுமென்றால் நம்பித்தானே ஆக வேண்டும்?

அன்னூரில் ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டு, கிளம்பும் முன் அவர் ஒரு சட்டம் போட்டார். பஸ்ஸில் ஏற்ற முடியாத எந்தச் சாமானையும் இங்கே வாங்கக் கூடாது. மாறுதல் வந்த மறுநாளே கிளம்ப வேண்டும், லாரி பிடித்துக்கொண்டு அலைய முடியாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆகவே கட்டில் இல்லை, பீரோ இல்லை. துணிமணி இரண்டு டிரங்குப் பெட்டியில். பாய் மூன்று, மூன்றாவது அவர் வரும்போது விரிப்பதற்கு. ஒரு ஸ்டவ், ஒரு குக்கர், நாலு பாத்திரம். கிரைண்டர் என்ற பேச்சே எழவில்லை.

கோயம்புத்தூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் இன்றும் சிரிப்பார்கள். ஊர் ஊருக்கும் கிரைண்டர் செய்து அனுப்பும் சீமையில் குடியிருந்துகொண்டு, வீட்டுக்காரர்களின் பின்கட்டில் துவைகல்லுக்குப் பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஆட்டுக்கல்லைத் தேய்த்துக் கழுவி, அதில் நான் மாவாட்டினேன். வாரத்துக்கு இரண்டு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு. வீட்டுக்கார அம்மா வாசற்படியில் நின்று பார்ப்பார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏனுங்க டீச்சர், நம்மூட்டுக் கிரைண்டரு சும்மாதானுங்க கெடக்குது. அரிசியக் கொண்டாந்து போட்டுட்டுப் போறதுதானுங்க? வெண்ணெயக் கையில வெச்சுட்டு நெய்க்கு அலையறாப்புல இருக்குது."

"பரவாயில்லக்கா. ஜூன்ல மாத்தல் வந்துரும்."

எனக்கு வீம்பு அதிகம். மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாரம் இருமுறை இன்னொருவர் சமையலறையில் போய் நிற்க மனம் ஒப்பவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. அவர்கள் கிரைண்டருக்குப் பழகிவிட்டால் இந்த ஊருக்கும் பழகிவிட்டேன் என்று ஆகிவிடுமோ என்ற பயம். ஜூன் வந்தது. மாறுதல் வரவில்லை. அடுத்த ஜூனும் அப்படியே போனது. அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஊரிலிருந்து வந்த புதிதில் எங்கள் சமையலைத்தான் செய்தேன். தேங்காயை மையாக அரைத்து ஊற்றிய குழம்பு, அவியல், மரச்சீனிக் கிழங்கு கிடைத்தால் அது. தாளிக்கத் தேங்காயெண்ணெய். அந்த வாசம் முன்கட்டுக்குப் போனதும் அக்கா ஓடி வந்தார். "தலைக்கு வெக்கற எண்ணெய் அடுப்புல கொட்டிப் போச்சுங்களா, அம்மணி?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆனால் தேங்காய் துருவி, அம்மியில் அரைத்து, குழம்பு கூட்டி, பிள்ளையைக் கிளப்பி, எட்டு மணி டவுன் பஸ்ஸைப் பிடிப்பது எத்தனை நாளைக்கு நடக்கும்? மெல்ல மெல்ல எல்லாம் குறைந்தது. கடையில் கிடைத்த கடலை எண்ணெய்க்கு மாறினேன். பிறகு அக்கா வீட்டில் மகள் சாப்பிட்டுவிட்டு வந்து கேட்ட அரிசிம்பருப்பு சாதத்துக்கு மாறினேன். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, எல்லாவற்றையும் தாளித்துக் குக்கரில் போட்டு மூடினால் முடிந்தது. கொங்குச் சமையலை நான் கற்றுக்கொண்டது ஆசையால் அல்ல, அசதியால். வாரத்தில் மூன்று நாள் அதுதான் சாப்பாடு என்று ஆனது.

மகளுக்கு அது அசதிச் சோறு அல்ல. அவளுக்கு அதுதான் அம்மா சமையல். மற்றது எதுவும் அவளுக்கு நினைவில்லை.

கணவர் மாதம் ஒருமுறை வருவார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் அன்னூரில் இறங்குவார். பையில் நாலு தேங்காய், சாளைக் கருவாடு, வழியில் கெடாமலிருக்க நன்றாகச் சுண்டவைத்த மீன்குழம்பு. குழம்பு அவருடைய அண்ணி வைத்துக் கொடுப்பது. அவர் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார். அப்பா காலமான பிறகு படிக்கவைத்து ஆளாக்கியது அந்த அண்ணன்தான். பெரிய லீவில் நாங்கள் அங்கே போனால் அண்ணி என்னைச் சமையலறைக்குள் விடமாட்டார். "நீ வேலைக்குப் போற பிள்ள, போய்ப் படுத்துக்கோ" என்பார். அன்பாகத்தான் சொல்வார். நான் விருந்தாளி மாதிரி முன்னறையில் உட்கார்ந்திருப்பேன்.

அன்னூரில் அவர் விருந்தாளி. அரிசிம்பருப்பு சாதத்தை முதல்முறை போட்டபோது ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, அண்ணியின் மீன்குழம்பை அதன்மேல் ஊற்றிக்கொண்டார். மகள் தட்டை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். மீன் வாசம் அவளுக்குக் குமட்டியது. ஒருநாள் அவள் வாசலில் நின்று, "ஏனுங்கப்பா, எப்பப் போவீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் வருத்தமும் இல்லை, விரட்டலும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வரும் ஆய்வாளரைக் கேட்பதுபோலத் தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

ஆறாவது வருஷம் என் வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. கரும்பலகையில் மேல்வரி எழுதக் கை எழும்பவில்லை. பிள்ளைகளைவிட்டு எழுதவைத்தேன். டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்து, முதலில் கேட்ட கேள்வியே "மாவு கல்லுல ஆட்டறீங்களா?" என்பதுதான். அதை நிறுத்தச் சொன்னார். அந்த மாதம் கணவர் வந்தபோது, ஒரு கிரைண்டர் வாங்கிவிடலாம் என்றேன்.

"இன்னும் நாலு மாசம்தானே? ஜூன்ல வந்துரும். அத எப்பிடி ஊருக்குக் கொண்டு போகதுக்கு? கல்லு மட்டுமே ஒரு ஆள் கனம் இருக்கும்லா?"

நான் அடங்கிப்போனேன். இட்லியை விட்டேன், தோசையை விட்டேன். காலையிலும் அரிசிம்பருப்பு, இல்லையென்றால் கடை பன். மகள் எதுவும் கேட்காமல் சாப்பிட்டாள். கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த ஜூனும் போயிற்று. ஜூலையில் எங்கள் தலைமையாசிரியர் வேறு வேலையாகக் கல்வி அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தவர், என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். எதையோ தொலைத்தவர்போல மேஜையிலிருந்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டே பேசினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். உங்க விண்ணப்பத்துல ஊட்டுக்காரரு வேலை பாக்கறதுக்கான சான்றிதழே இல்லீங்களாமா. மொத ரெண்டு வருசம் இருந்துதாமா, அப்பறம் வரவே இல்லியாமா. அது இல்லாம புருசன் பொண்டாட்டி முன்னுரிமையில எப்பிடிங்க சேப்பாங்க?"

அந்தச் சான்றிதழை அவர் தம் சங்கத்தில் வாங்கி, அங்கிருந்தே தபாலில் அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். "அனுப்பியாச்சு" என்பார். நான்கு வருஷமாக அதே பதில்.

அடுத்து அவர் வரும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அவர் வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தார். மகள் முன்கட்டில் அக்காவோடு இருந்தாள். இரண்டு வாய் சாப்பிடவிட்டுக் கேட்டேன்.

"சான்றிதழ் அனுப்பினீங்களா?"

கை தட்டிலேயே நின்றது. பொய் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டும். சோற்றைப் பார்த்தபடியே, "நீ வந்தா தனி வீடு பாக்கணும். வீடு பிரிக்கணும்னு அண்ணன்ட்ட எப்பிடிச் சொல்லதுக்கு? அடுத்த வருஷம் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம்னு..." என்றார்.

நான் கத்தினேன். இலவு காத்த கிளியைப் பற்றிக் கேலியாகப் படித்திருக்கிறேன், அது நான்தானா என்று கேட்டேன். என் தோளைக் காட்டிக் கேட்டேன். கையிலிருந்த கரண்டியைச் சுவரில் எறிந்தேன். எறிந்தது இடது கை, வலது எழும்பவில்லை. அதனால் அது சுவர்வரைகூடப் போகாமல் நடுவில் விழுந்தது. அவர் எழுந்து அதை எடுத்துக் கழுவி, இருந்த இடத்தில் மாட்டினார். பத்து மணி நேரம் பஸ்ஸில் வந்த மனிதர். கண் இரண்டும் சிவந்து கிடந்தன, கழற்றி மாட்டியிருந்த சட்டையில் முதுகெல்லாம் உப்புப் பூத்திருந்தது. என்மேலும் இரக்கமாக இருந்தது, அவர்மேலும் இரக்கமாக இருந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

மறுவாரம் அக்காவிடம் போய், எனக்கு ஒரு கிரைண்டர் வேண்டும், நல்லதாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "இப்பவாச்சும் கேட்டீங்களே, அம்மணி" என்றார். அவர் கணவர் கோயம்புத்தூர் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் வேனில், திரும்பி வரும்போது அது வந்தது. இரண்டு ஆள் சேர்ந்து இறக்கினார்கள். என் சமையலறையில் அது நின்ற இடம்போக நான் நிற்கத்தான் இடமிருந்தது. முதல் மாவு சரியாகப் பொங்கவில்லை. இரண்டாவது பொங்கி வழிந்து தரையெல்லாம் ஆனது. மகள் அதைப் பார்த்துக் கைதட்டினாள்.

அடுத்த மாதம் அவர் வந்து அதைப் பார்த்தார். தோசை சாப்பிட்டார்.

பிறகு, மாவு கைவசம் இருந்ததால், எனக்குக் காலையில் அரை மணி நேரம் கூடுதலாகத் தூக்கம் கிடைத்தது. ஆறு வருஷம் தூங்காதவளுக்கு அரை மணி நேரம் எவ்வளவு பெரிது என்று சொன்னால் புரியாது. கட்டில் ஒன்று வாங்கினேன். மகளுக்குப் படிக்க மேஜை வாங்கினேன். ஏப்ரல் வந்தது. மாறுதல் விண்ணப்பம் கொடுக்கும் மாதம். தலைமையாசிரியர் ஒருமுறை நினைவுபடுத்தினார். "ஃபாரம் வாங்கிக்கறேனுங்க சார்" என்றேன். வாங்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாவாட்டினேன்.

மறுநாள் காலை அவர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். சான்றிதழ். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது.

"நேத்துதான் கடைசி நாள்" என்றேன்.

"நீ ஃபாரம் குடுத்திருப்பேல்லா? இதப் பின்னால சேத்துக்கலாம்."

"ஃபாரம் குடுக்கல. மறந்துட்டேன்."

வருஷம் முழுக்க ஏப்ரலை நினைத்தே இருந்தவள் மறந்துவிட்டேன் என்று சொல்கிறேன். யார் நம்புவார்? அவர் முகம் ஒரு நிமிடம் வாடியதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அண்ணன்ட்டப் பேசியாச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. முதல்ல மாத்தல் வரட்டும்னு இருந்தேன்."

அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்றார். அந்தக் குரலை நான் கூர்ந்து கேட்டேன். ஏமாற்றம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது ஆறுதல். அண்ணனிடம் பேச இன்னும் ஒரு வருஷம் கிடைத்த ஆறுதல்.

"ஆமா, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்றேன். என் குரலிலும் அதே ஆறுதல்தான் இருந்தது. அது என் காதில் விழுந்த பிறகுதான், அந்த ஊருக்கு வந்து முதல்முறையாக, அவர் முன்னால் அழுதேன்.