விசில் ஊதாத இடம்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்திலிருந்து கிளம்பிய எங்கள் டூர் பஸ்ஸை நடத்தியவருக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். ஒல்லி உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி, கழுத்தில் ஒரு விசில். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிட்டுக் கண்ணைத் திறப்பதற்குள் ஊதிவிட்டார். "செத்த நேரந்தாம்னு சொன்னேம்ல, ஏறுங்க!" ராமேஸ்வரத்தில் காபி பாதி டம்ளரில் இருக்கும்போதே விசில். எனக்கு எரிச்சலாக வந்தது.

பஸ்ஸிலிருந்து வேனுக்கு மாறி மணல்வழியே தனுஷ்கோடி போனோம். புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயத்தையும் கூரையில்லாத ரயில் நிலையத்தையும் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். ஒரு மணி நேரமாகியும் விசில் வரவில்லை. வெயில் தாங்காமல் நானே போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, போலாமா?"

அவர் ஸ்டேஷன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கன மட்டும் யாரையும் வெரட்ட மாட்டேன் தம்பி. புயலன்னைக்கு பாம்பன்ல எங்கக்கா மெதுவா நடந்து வந்தா. கார்டு விசில் ஊதிட்டான், ஓடியான்னு நாந்தான் கையப் பிடிச்சு இழுத்து ரயில்ல ஏத்திவிட்டேன்."

அந்த ரயில் இந்த ஸ்டேஷனுக்கு வந்து சேரவேயில்லை.

ராமேஸ்வரம் திரும்பியதும் மறுபடி விசில். எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். அப்படிப்பட்டவர் ஏன் விசிலையே கழுத்தில் மாட்டிக்கொண்டார் என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.