பெண்கள் அறைக்கு ஒரு லென்ஸ்

அம்பரீன் ஆம்பூரில் கல்யாணப் போட்டோ எடுப்பவள். ஆண்கள் பக்கம் போகமாட்டாள். மண்டபத்தில் பெண்களுக்கு ஒதுக்கிய இடமும் மணப்பெண் உட்காரும் அறையும்தான் அவள் எல்லை. அங்கே ஆண் போட்டோகிராபரை விடமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் ஷூ கம்பெனித் தையல் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தாள். அவளுடைய அம்மா சைராவுக்கு வாதம் வந்து வலது பக்கம் செயலற்றுப்போனது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள நர்ஸாக நான் போகிறேன். அந்த வீடு நடப்பது கேமராவை நம்பித்தான்.

கேமரா சின்ன சென்ஸார் கொண்டது. எல்லோரும் சொன்னார்கள் என்று முதலில் ஐம்பது எம்.எம். லென்ஸ் வாங்கினாள். அதில் ஜூம் கிடையாது. பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நாம்தான் கிட்டே போக வேண்டும். ஆனால் டியூப்லைட் வெளிச்சத்திலேயே ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும். ஃபிளாஷ் அடித்தால் கைக்குழந்தைகள் அழும், வயதான பெண்கள் திட்டுவார்கள். அந்த வகையில் நல்ல லென்ஸ்தான். ஆனால் சின்ன சென்ஸாரில் நடுப்பகுதி மட்டும்தான் பதிவாகும். ஐம்பது கிட்டத்தட்ட எண்பதைப் போல நடந்துகொள்ளும். மணப்பெண் அறையோ சின்னது. சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் பெண்ணின் இடுப்புக்குக் கீழே படத்தில் வராது.

"இன்னாமா இது, பாஸ்போர்ட் போட்டோவா?" என்று ஒரு பெண்ணின் அம்மா கேட்டே விட்டார். "பாவாடைக்குத்தான் ஜரிகை ஜாஸ்தி வெச்சோம். அதக் காணோம்."

அதன்பிறகு இருபத்திநாலு எம்.எம். வாங்கினாள். பிஸ்கட் போலத் தட்டையான லென்ஸ். மருதாணி வைத்த பாதம் வரை முழுப்பெண்ணும் வந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் வந்தார்கள். கல்யாணங்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன.

அவளை நம்பிக் கூப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிடுவாள். கம்ப்யூட்டரில் ஏற்றமாட்டாள், வீட்டுக்கும் கொண்டுவரமாட்டாள். கேமராவின் பின்திரையில் திருப்பிப் பார்ப்பதுகூட இல்லை. பர்தா இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களின் படம் அது. எடுத்தவளே பார்க்கவில்லை என்றால் வேறு யார் பார்க்கப்போகிறார்கள் என்பது அவர்கள் கணக்கு.

போன மழைக்காலத்தில் ஒரு கல்யாணம். அறையில் கூட்டம், ஃபேன் காற்று மூலைக்கு எட்டவில்லை. அந்த மூலையில் ஹஃப்ஸா இருந்தாள். அம்பரீனோடு ஷூ கம்பெனியில் ஒரே வரிசையில் தைத்தவள், மூத்தவள். மார்பில் கட்டி வந்து வேலூரில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. முடி முழுவதும் கொட்டியிருந்தது. வீட்டாருக்கு மட்டும்தான் தெரியும். தங்கைக்கு மேல்விஷாரத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்திலேயே இந்த வியாதி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, முக்காட்டை இறக்கி வியர்வையைத் துடைத்தாள். அப்போது அம்பரீன் பட்டனை அழுத்தினாள்.

மறுநாள் மணப்பெண்ணின் தம்பி கார்டை டிவியில் போட்டான். வீடு நிறைய உறவுக்காரர்கள். படத்தின் ஓரத்தில் ஹஃப்ஸாவின் பாதி முகமும் பாதி மொட்டைத் தலையும் இருந்தன.

அம்பரீன் வேண்டுமென்றே எடுத்தாள் என்று பேச்சு கிளம்பியது. பேசி வைத்திருந்த ஒரு கல்யாண வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள். இவளை விட்டால் அறைக்குள் விடுகிற ஆள் அந்த ஊரில் யார் என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் இல்லாமலே நடத்திக்கொள்வார்கள் போலிருந்தது.

ஹஃப்ஸா வந்தபோது நான் சைராவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன்.

"உக்காரு ஆபா," என்றாள் அம்பரீன். அக்கா என்பதை அவர்கள் ஆபா என்பார்கள்.

"உக்கார வரல. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். பாத்துட்டுத்தான் அமுக்கினியா?"

"சத்தியமா தெரியல ஆபா."

"ஒத்தக் கண்ண மூடிக்கினு அவ்ளோ நேரம் பாத்தியே. இன்னாத்த பாத்த?"

அம்பரீன் அழ ஆரம்பித்தாள். அழுகை அங்கே யாருக்கும் உதவாது. "கேமராவ எடுத்துட்டு வா. சொல்றதவிட காட்டிடு," என்றேன்.

மேசைமேல் தலையணை வைத்து அதன்மேல் கேமராவை அசையாமல் நிறுத்தினாள். சைராவின் கட்டில் ஓரத்தில் நான் உட்கார்ந்தேன். ஹஃப்ஸா குனிந்து கண் வைத்துப் பார்க்கும் ஓட்டைக்குள் பார்த்தாள்.

"கட்டில்தான் தெரியுது. சிஸ்டர் இல்லியே."

கேமராவை நகர்த்தாமல் அம்பரீன் எடுத்தாள். பின்திரையில் வந்த படத்தில் என் ஒரு காதும் பாதிக் கன்னமும் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கமும் இருந்தன. விலை கம்மியான கேமராக்களில் அப்படித்தானாம். கண்ணுக்குக் காட்டுவதைவிடச் சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாகவே படத்தில் பதியும்.

ஹஃப்ஸா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. நீ பாக்கல. மிஷின் பாத்துடுச்சி. கார்ட குடுக்கறதுக்கு முன்ன ஒருவாட்டி பாத்திருந்தியானா?"

"பாக்கக் கூடாதுன்னுதானே ஆபா எல்லாரும்..."

"நானும்தான் சொன்னேன்." முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "நேத்து மேல்விஷாரத்துலேர்ந்து போன் பண்ணாங்க. வேணாமாம். தங்கச்சி எங்கிட்ட பேசறதில்ல."

சைராவுக்கு சலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பழையபடி ஐம்பதுக்கே போய்விடுகிறேன் என்றாள் அம்பரீன். கம்மியாகத் தெரிந்தால் தப்பும் கம்மி என்பது அவள் நினைப்பு.

"அதுல ஓரம் கண்ணுக்கு மறையாதா?" என்று கேட்டேன்.

"அதுலயும் மறையும்."

"அப்போ லென்ஸ மட்டும் மாத்தி இன்னா ஆவும்?"

கடைசியில் இருபத்திநாலை விற்றுவிட்டு, பழைய முப்பத்தைந்து எம்.எம். ஒன்று வாங்கினாள். அவள் கேமராவில் அது ஐம்பத்தைந்து போல வரும். மணப்பெண்ணை ஒரு மூலையிலும் தன்னை எதிர் மூலையிலும் வைத்துக்கொண்டால் பாதம் வரை கிடைக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் விழமாட்டார்கள். அதோடு ஒரு புது வழக்கமும் வைத்தாள். கார்டைக் கழற்றுவதற்குமுன் பெண்ணின் அம்மாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்து, வேண்டாததை அங்கேயே அழிப்பது.

"எங்க வூட்டுப் பொம்பளைங்கள எடுக்கறதும் இல்லாம உக்காந்து வேற பாப்பியா?" என்று ஒருவர் போனை வைத்துவிட்டார்.

பேரணாம்பட்டில் ஒரு குடும்பம் மட்டும் ஒத்துக்கொண்டது. போய்விட்டு வந்த மறுநாள், அம்மாவின் படுக்கை விரிப்பை என்னோடு சேர்ந்து மாற்றும்போது சொன்னாள். அவள் கேமராவைத் தூக்கியதும், மணப்பெண்ணுக்குப் பின்னால் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்களாம். "எல்லாரும் எங்க போறாங்க?" என்று அந்த மணப்பெண் கேட்டாளாம். எல்லாப் படத்திலும் அவள் ஒருத்தியும், பின்னால் காலி பிளாஸ்டிக் நாற்காலிகளும். அம்மாக்காரர் திரையில் முழுவதையும் பார்த்துவிட்டு, அழிக்க ஒன்றுமில்லை என்று கார்டை வாங்கிக்கொண்டாராம்.

"இனிமே கூப்புடுவாங்களா சிஸ்டர்?"

"தெரியாது. அம்மாவ அந்தப் பக்கம் புடி."

பிடித்தாள். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினோம்.